பசியோடு முதுநகர் வரை

வெளியூர்க் கார்கள் எங்கள் தெருவுக்குள் வர ஆரம்பித்தது போன தை மாதத்தில். முதுநகரில் துறைமுகம் போகிற சாலையிலிருந்து பிரிகிற தெரு அது. மீன் வண்டி ஒன்று நின்றால் எதிரில் சைக்கிள்கூட வர முடியாது. அந்தத் தெருவில் கோயம்புத்தூர்க் கார் ஒன்று இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் மடக்கிக்கொண்டு ஊர்ந்து வந்து குணசுந்தரி அத்தை வீட்டு வாசலில் நின்றது.

அத்தை வீட்டு முன்னறைதான் மெஸ். போர்டு கிடையாது. நான்கு மேசை, நான்கு பெஞ்சு, ஒரு டேபிள் ஃபேன். துறைமுகத்தில் லோடு ஏற்றுகிறவர்கள், ஜங்ஷனில் வேலை பார்ப்பவர்கள், சிப்காட் ஷிப்டுக்குப் போகிறவர்கள் வருவார்கள். சோறு, மீன் குழம்பு, ரசம், மோர், ஏதாவது ஒரு பொரியல். வறுவல் தனி. மீன் ஆய்வது என் வேலை. பத்தாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டு, எதிர்வீட்டில் இருக்கும் சித்தியிடம் வந்தவள் நான். அதிகம் பேச வராது. மீன் ஆய்வதற்குப் பேச்சு தேவையில்லை என்று அத்தை என்னைச் சேர்த்துக்கொண்டாள்.

காரிலிருந்து ஒருவர், அவர் மனைவி, ஏழு வயதுப் பையன் மூவரும் இறங்கினார்கள். பையன் அழுது முடித்த முகத்தோடு இருந்தான். அவர் ஃபேனுக்கு நேரே இருந்த பெஞ்சைத் தேடி உட்கார்ந்தார்.

"கெளங்கா வறுவல் இருக்குங்களா?" என்று கேட்டார். "அப்புறம், நேத்து வெச்ச குழம்பு கொஞ்சம் கெடைக்குமுங்களா?"

உள்ளே அடுப்பில் துழாவிக்கொண்டிருந்த கரண்டி நின்றது. வெளியூர்க்காரர்கள் வஞ்சிரம்தான் கேட்பார்கள். கெளங்கா என்று நாங்கள் சொல்லும் கிழங்கான் மீன் அவர்களுக்குத் தெரியாது. நேற்றைய குழம்பு வியாபாரத்துக்கே கிடையாது. அத்தை அதை ஒரு சின்ன மண்சட்டியில் தனக்கென்று எடுத்து வைத்து மறுநாள் பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொள்வாள். அது இருப்பது வீட்டு ஆட்களுக்கு மட்டும்தான் தெரியும்.

அத்தை சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "யாருங்க சொன்னது?"

"சிதம்பரத்துல லாட்ஜ் கவுண்டர்ல ஒருத்தருங்க. சாப்பாடு எங்க நல்லா இருக்கும்னு கேட்டேன். கடலூர் வழியாத்தான் போறீங்கன்னா இங்க சாப்பிடாதீங்க, பசியோட போங்கன்னுட்டாருங்க. ஒரு மணி நேரம் பையன் அழுதுட்டே வந்தான்."

"யாரு கடைன்னு சொன்னாரு?"

"தெரிஞ்சவங்க கடைன்னாருங்க."

அத்தை உள்ளே போய் மண்சட்டியை எடுத்து வந்தாள். நான் அதைச் சோற்றில் ஊற்றினேன். பையன் மூன்று முறை சோறு வாங்கினான்.

அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ வண்டி வந்தது. எல்லோரும் ஒரே பாடத்தைப் படித்துவிட்டு வந்தது போல நடந்துகொண்டார்கள். ஃபேனுக்கு நேரே உட்கார்ந்தார்கள். சாம்பார் கேட்கவில்லை. மோர் ஊற்றும்வரை எழுந்திருக்கவில்லை. அத்தை ஒவ்வொருவரிடமும் அதே கேள்வியைக் கேட்டாள். "ஒரு அம்மா நடத்துறாங்கன்னாரு" என்று ஒருவர் சொன்னார். "முதுநகர்ல ஒரு வீடுன்னாரு" என்றார் இன்னொருவர். அந்தப் பதிலோடு அத்தை அடுப்படிக்குத் திரும்புவாள். அன்றைக்குச் சாயங்காலம்வரை அவளிடமிருந்து ஒரு பேச்சும் வராது.

மாரியம்மாள் பெரியம்மாதான் எனக்கு விஷயத்தைச் சொன்னாள். துறைமுகத்தில் ஏலம் எடுத்து மெஸ்ஸுக்கு மீன் கொண்டுவருபவள் அவள். கொல்லைப்புறத்தில் கால் நீட்டி உட்கார்ந்து வெற்றிலை போடாமல் அவளால் திரும்பிப் போக முடியாது.

"சிதம்பரத்துல யாரு பெரியம்மா?" என்று கேட்டேன். அந்த ஒரு கேள்வியைக் கேட்க எனக்கு இரண்டு மாதம் ஆகியிருந்தது.

"உங்க மாமன்தான்டி. அத்தைன்னு ஒருத்தி இருந்தா மாமன்னு ஒருத்தன் இருக்கணும்ல? காத்தவராயன். எனக்குத் தம்பி மொற. அவன் அம்மா பட்டம்மா எனக்குச் சித்தி."

"அங்க எதுக்குப் போனாரு?"

"போனைக் குச்சியில மாட்டிக்கிட்டு ஒருத்தன் வந்தான், அதால போனான்." வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டாள். "சாப்பாட்டக் காட்டி வீடியோ போடுறவன். ரெண்டு வருசம் ஆவப்போவுது. உங்க மாமன் உள்ள ஓடிப்போய் இஸ்திரி போட்ட சட்டைய மாட்டிக்கிட்டு வந்தான். அவ அடுப்புல வெந்துகிட்டு நிக்கிறா, இவன் மைக்குல பேசறான். என்னான்னு? இது எங்க அம்மா பட்டம்மாவோட கைப்பக்குவம், அவுங்க சொல்லிக்குடுத்துதான் வீட்டுல செய்றாங்கன்னு."

"அப்படி இல்லையா?"

"நீ வேற. என் சித்திய எனக்குத் தெரியாதா? அதுக்கு மீனு விக்கத் தெரியும், கொழம்பு வைக்கத் தெரியாது. குணா கல்யாணமாகி வந்தப்ப அந்த வீட்டுல அம்மியே கெடையாதுடி. இவளுக்கும் அம்மா இல்ல, சின்னதுலயே போயிட்டாங்க. தானா வச்சு வச்சு, புளி ஜாஸ்தியா, வெந்தயம் கருகிப் போயி, ஒரு வருசம் உப்பனாத்துலதான் கொட்டுனா. அப்புறம் வந்துச்சு பாரு அந்த ருசி. அத அவன் ஒரே வார்த்தையில எடுத்து அம்மாவுக்குக் குடுத்துட்டான். ரெண்டு லச்சம் பேரு பாத்தாங்களாம். ரெண்டு லச்சம் பேருக்கும் பட்டம்மா சமையக்காரி ஆயிட்டா."

"அத்தை சண்டை போட்டாங்களா?"

"போட்டிருந்தா தேவலையே. சாயந்தரம் அடுப்ப மூட்டல. உங்க அம்மாவ வந்து வைக்கச் சொல்லுங்கன்னா. செத்துப் பதினஞ்சு வருசமான மனுசி எங்கேருந்து வருவா? தப்பா சொல்லிட்டேன்னு அவன் ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். சொல்லல. நாலாம் நாள் சட்டையப் பையில போட்டுக்கிட்டுக் கெளம்பிட்டான்."

"போன்ல பேசலாமே."

"அவன் போட்டா இவ எடுக்க மாட்டா. எடுத்தா அவன் பேச மாட்டான். மோனிகா கான்பரன்ஸ் போட்டுப் பாத்துச்சு. ரெண்டும் நல்லா இருக்கியா, நல்லா இருக்கியான்னு மோனிகாவையே கேட்டுட்டு வச்சிட்டுதுங்க."

மோனிகா அவர்களுடைய ஒரே மகள். அம்பத்தூரில் இருக்கிறாள். ஆனி மாதம் பிறந்ததும் அவளிடமிருந்து தினமும் போன் வந்தது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வேலைக்குப் போக முடியவில்லை, அம்மா வந்துவிட வேண்டும், கடையை எடுத்துவிட வேண்டும் என்றாள். அத்தை போனை ஸ்பீக்கரில் போட்டு மிளகாய் காம்பு கிள்ளிக்கொண்டே கேட்பாள்.

"யாருக்காக அங்க கெடக்குற?" என்று மோனிகா ஒரு நாள் கேட்டாள். "அப்பா வருவாருன்னு பாக்குறியா? வர்றவரு ரெண்டு வருசமாவா வராம இருப்பாரு?"

"நான் யாரையும் பாக்கல."

"அப்ப ஆடி பொறக்கறதுக்குள்ள வந்துரு. ஆடியில வீடு மாத்தக் கூடாது. அப்புறம் ஆவணின்னு சொல்லுவ, பொரட்டாசின்னு சொல்லுவ."

"சரி, வர்றேன்" என்றாள் அத்தை.

அவ்வளவு சுலபமாகச் சொல்லுவாள் என்று மோனிகாவே எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. கொஞ்ச நேரம் குழந்தையின் சத்தம் மட்டும் வந்தது.

மறுநாள் கச்சான் காற்று அனலாக வீசியது. மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரம் தேய்க்கும்போது அத்தை என்னிடம் சொன்னாள். "நாளைக்குக் கடை இல்ல. சிதம்பரம் போறோம். நல்ல பாவாட இருந்தா போட்டுக்கிட்டு வா."

"கோயிலுக்கா அத்த?"

"நீ லாட்ஜுக்கு. உன்ன அவருக்குத் தெரியாது. உள்ள போயி, சாப்பாடு எங்க நல்லா இருக்கும்னு கேளு. நம்ம கடையச் சொன்னா, யாரு சமைக்கிறதுன்னு கேளு. அவ்வளவுதான். என்ன சொல்றாரோ அத அப்படியே வந்து சொல்லு."

"எனக்குப் பேச வராதே அத்த."

"அதனாலதான் உன்ன அனுப்புறேன். மாரி அண்ணிய அனுப்புனா அவுங்க பேசுறத அவரு கேட்டுட்டு அனுப்பிடுவாரு." தேய்த்துக்கொண்டிருந்த குண்டானைக் கவிழ்த்து வைத்தாள். "இந்தக் கொழம்பு என்னுதுன்னு அந்த வாயால ஒருத்தர்கிட்டயாவது சொல்லியிருக்காரான்னு தெரிஞ்சா போதும். சொல்லியிருந்தா இருக்கேன். இல்லன்னா மோனிகாகிட்ட போறேன்."

காலை எட்டு மணிப் பேருந்தில் ஏறினோம். சிப்காட் வாசல்களில் ஷிப்ட் முடிந்தவர்கள் டிபன் பையோடு நின்றிருந்தார்கள். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டும்வரை நான் அந்த ஒரு வரியை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். 'இங்க சாப்பாடு எங்க நல்லா இருக்கும்?' ஒவ்வொரு முறையும் வேறு யாரோ கேட்பது போல இருந்தது. அத்தை ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளாற்றுப் பாலத்தில் பேருந்து ஏறியபோது மட்டும், "இதுக்கு இந்தப் பக்கம் வந்தே ஆறு வருசமாச்சு" என்றாள்.

ஆனித் திருமஞ்சனத் திருவிழாக் கூட்டம் வடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. கீழவீதியில் காய்ந்த தோரணங்கள் தொங்கின. லாட்ஜ் ஒரு சந்துக்குள் இருந்தது. அத்தை கோபுர வாசலுக்கு எதிரில் பூக்கடை நிழலில் நின்றுகொண்டு என்னை மட்டும் போகச் சொன்னாள்.

கவுண்டருக்குப் பின்னால் சாவிகள் வரிசையாகத் தொங்கின. ஒன்றுகூட வெளியே போகவில்லை. அவர் ஒல்லியாக, நரைத்த மீசையோடு இருந்தார். சட்டை இஸ்திரி போட்டிருந்தது. பழைய காலண்டரின் பின்பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ரூமா? யாரு கூட வந்திருக்க?"

"அத்தையோட. கோயிலுக்கு." பிறகு பேருந்தில் மனப்பாடம் செய்த வரி வந்தது. "இங்க சாப்பாடு எங்க நல்லா இருக்கும்?"

அந்தக் கேள்விக்காகவே உட்கார்ந்திருந்தது போல அவர் முகம் மாறியது. பேனாவை மூடி வைத்தார்.

"காலையிலயா, மத்தியானமா? அதச் சொல்லு மொதல்ல. காலையிலன்னா வடக்கு வீதி முனையில மாடிப்படிக்குக் கீழ ஒரு கடை. இட்லிக்குக் கொஸ்து ஊத்துவாங்க. கத்திரிக்காயச் சுட்டுப் பெசஞ்சு போட்ட கொஸ்து. எட்டரைக்குள்ள போயிரணும். ஒம்பது மணிக்குக் கொஸ்து தீந்துரும், அப்புறம் சாம்பார் ஊத்துவாங்க, அதுக்கு நீ இவ்வளவு தூரம் வர வேணாம். இப்ப மணி என்னா, பத்தா? அது போச்சு. கோயில்ல சம்பா சாதம் கெடைச்சா வாங்கு. மொளகு வாசன வரும். கையில வாங்கி நின்னுகிட்டே சாப்பிடணும், பொட்டலம் கட்டி எடுத்துட்டுப் போனா வெறச்சிரும். மத்தியானம்னா பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ஒரு மெஸ், படிக்கிற பசங்க சாப்பிடுறது. எறா தொக்கு கேளு. பிச்சாவரத்து எறா, பொடிசா இருக்கும், அதுதான் ருசி. பெரிய எறா கேட்டா உன்ன வெளியூர்னு நெனச்சுருவாங்க."

"நீங்க அங்கதான் சாப்பிடுவீங்களா?"

இது அத்தை சொல்லி அனுப்பாத கேள்வி. எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை.

"நானா?" அவர் மேசைக்குக் கீழே இருந்த டிபன் பாக்ஸைக் காலால் தள்ளினார். "தயிர்சாதம். இந்த ஊர்ல அத்தன கடையிலயும் மொதலாளி என்னைத் தெரிஞ்சவன். போனா சும்மா போடுவான். அதனால போறதில்ல." பிறகு கேட்டார். "எந்தப் பக்கம் போறீங்க? கடலூர் வழியாவா?"

"ஆமா."

"அப்ப நான் சொன்னதெல்லாம் வுட்டுரு. இங்க ஒண்ணும் சாப்பிடாத. பசியோட போ. முதுநகர்ல எறங்கி, துறைமுகம் போற ரோட்டுல ரெண்டாவது தெரு. நீலச் சுவரு. போர்டு இருக்காது. கெளங்கா வறுவல் கேளு. நேத்து வச்ச கொழம்பு இருக்கான்னு கேளு. மொறைப்பாங்க. ஆனா குடுப்பாங்க."

"அங்க யாரு சமைக்கிறது?"

அவர் திரும்பி, நேராகத் தொங்கிக்கொண்டிருந்த ஒரு சாவியை எடுத்து மறுபடி அதே ஆணியில் மாட்டினார். கவுண்டர் மேல் இருந்த என் கையை அப்போதுதான் பார்த்தார். கட்டைவிரலில் அரிவாள்மனைக் கீறல்கள். நகத்தோரத்தில் மஞ்சள். நான் கையை எடுத்துப் பாவாடைக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

"கெளங்காவ வால் பக்கத்துலேருந்து செதில் எடுத்தா வெரல கீறாது" என்றார் மெதுவாக. "உங்க அத்தைக்கு அது தெரியுமே. சொல்லிக்குடுக்கலையா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"எங்க நிக்கிறா?"

நான் சொல்லவில்லை. அவரும் வாசல் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து மூடியிருந்த பேனாவைத் திறந்து மறுபடி மூடினார்.

"அந்தப் பையன் மைக்க நீட்டி, அண்ணே, இது உங்க அம்மா கைப்பக்குவமான்னு கேட்டான்" என்றார். "அதுக்கு முன்னால அப்படி நான் நெனச்சதே இல்ல பாப்பா. எங்க அம்மா கூடையத் தூக்கிக்கிட்டு நெல்லிக்குப்பம், பண்ருட்டி, திருவதிகைன்னு வித்துட்டு வரும். வர்றப்ப நாங்க தூங்கியிருப்போம். மிஞ்சுன மீனக் காலையில பக்கத்துத் தெருவுல வித்துரும். எங்க வீட்டுல மீன் வெந்து நான் பாத்ததில்ல. டீக்கடையில சொல்லி வச்சிருக்கும், பன்னு தருவாங்க. அவன் அப்படிக் கேட்டதும், எங்க அம்மா அடுப்பு முன்னால உக்காந்து, டேய் ராயா வாடான்னு கூப்புட்டு, தட்டுல போட்ட மாதிரி இருந்துச்சு. ஆமான்னுட்டேன். சொன்னதும் நல்லா இருந்துச்சு. அதான் சொல்லிக்கிட்டே போயிட்டேன்."

தெருவில் மணி அடித்துக்கொண்டு ஒரு சைக்கிள் போனது.

"அன்னைக்குச் சாயந்தரம் அவ மொகத்தப் பாத்ததும் புரிஞ்சுது. ஆனா எப்படி இல்லன்னு சொல்றது? எங்க அம்மா எனக்குச் சோறு போடலன்னு ஊருக்கே சொன்னாப்புல ஆயிடாதா? அது கூடையத் தூக்கித் தூக்கிக் கழுத்து ஒடிஞ்சு செத்த பொம்பள."

"வர்றேன்" என்றேன்.

"இதச் சொல்லணும்னு இல்ல" என்றார். "நான் கடையச் சொன்னேன்னு மட்டும் சொல்லு." நான் படி இறங்கும்போது, "வால் பக்கத்துலேருந்து" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

பூக்கடை நிழல் நகர்ந்திருந்தது. அத்தை வெயிலிலேயே நின்றுகொண்டிருந்தாள். எதைச் சொல்வது, எதை விடுவது என்று யோசித்துக்கொண்டே போனேன். அவள் முகத்தைப் பார்த்ததும் ஒன்றையும் விட முடியவில்லை. கொஸ்து, சம்பா சாதம், பொடி இறால், தயிர்சாதம், பன், பண்ருட்டி, கூடை என்று அவர் சொன்ன வரிசையிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியதில்லை.

"எம்பேரச் சொன்னாரா?"

"இல்ல அத்த."

அவள் கோபுரத்தின் பக்கம் பார்த்தாள். உள்ளே போய்ச் சாமி கும்பிடவும் இல்லை, சந்துப் பக்கம் திரும்பவும் இல்லை. நாங்கள் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். பேருந்து கிளம்பி முட்லூர் தாண்டிய பிறகு, எதிர் சீட்டின் கம்பியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"இத அன்னைக்கே எங்கிட்ட சொல்லியிருந்தா, அந்தக் கேமராவுல நானே ஆமான்னு சொல்லியிருப்பேன்."

முதுநகரில் இறங்கினோம். நாங்கள் இரண்டு பேரும் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

மறுநாள் அத்தை பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்தாள். ஆடி பிறக்க ஆறு நாள் இருந்தது. பெரிய அண்டா, சோறு வடிக்கிற சிப்பல், இரண்டு குண்டான் எல்லாம் சுவரோரம் போயின. அடுப்பில் இருந்தவை மட்டும் மிச்சம். லோடு ஆட்கள், "கடைய எடுக்கறீங்களாக்கா? நாங்க எங்க போறது?" என்று கேட்டார்கள். "கடையா இல்ல ஊருல?" என்று அத்தை குழம்பை ஊற்றிக்கொண்டு போனாள். சிப்காட்டுக்குப் போகிற ஒரு தம்பி, "கடை இருக்கு, சாப்பாடுதான் இல்ல" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணிக்குத் திருச்சி வண்டி ஒன்று வந்தது. ஒரு கணவன், மனைவி, அவனுடைய அம்மா. மாரியம்மாள் பெரியம்மா கொல்லையில் உட்கார்ந்திருந்தாள். நான் இலை போட்டேன். அந்தப் பெண் உட்காராமல் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"குணசுந்தரிங்கறது நீங்களாக்கா?"

அத்தை கரண்டியோடு திரும்பினாள். அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு இதுவரை எந்த வண்டியும் வந்ததில்லை.

"சிதம்பரத்துல லாட்ஜ்ல ஒரு அண்ணன் சொன்னாரு" என்றாள் அந்தப் பெண். "நாங்க சாப்பாடு எங்கன்னுதான் கேட்டோம். அவரு பெரிய கதையே சொல்லிட்டாரு. எங்க அம்மா எனக்குக் கொழம்பு வச்சுப் போட்டதில்ல, அவங்களுக்கு நேரமில்ல, எங்க வீட்டுல குணசுந்தரின்னு, அவங்க யார்கிட்டயும் கத்துக்காம தானா வச்ச கொழம்பு, அதுதான் நான் மொத மொத சாப்பிட்ட நல்ல கொழம்புன்னு சொல்லிக் கண்ணத் தொடச்சுக்கிட்டாரு. இவரு பயந்துட்டாரு."

"நான் ஒண்ணும் பயப்படல" என்றான் கணவன்.

அத்தையின் கரண்டியிலிருந்து குழம்பு தரையில் சொட்டியது. "உக்காருங்க" என்றாள்.

அன்றைக்கு அவளே வந்து பரிமாறினாள். நேற்றைய குழம்புச் சட்டியை வழித்து மூன்று இலைக்கும் பங்கு வைத்தாள். அவர்கள் பேசாமல் சாப்பிட்டார்கள். மோர் சோற்றுக்கு வந்த பிறகு அந்த மாமியார் நிமிர்ந்து, "நெசமாவே இத ஒருத்தரும் சொல்லித் தரலையாம்மா?" என்று கேட்டார்.

"யாருங்க சொன்னா?" என்றாள் அத்தை. "எங்க மாமியாதான் சொல்லிக்குடுத்தாங்க. பட்டம்மான்னு பேரு. பக்கத்துல உக்கார வச்சு, புளி எவ்வளவு, வெந்தயம் எப்பன்னு எல்லாம் அவுங்கதான் சொன்னது."

கொல்லை வாசலில் மாரியம்மாள் பெரியம்மா வாயைத் திறந்தவள் அப்படியே இருந்தாள். வெற்றிலைச் சாறு முகவாயில் இறங்கியது.

"அவரு வேற மாதிரி சொன்னாரே" என்றாள் அந்தப் பெண்.

"அதுக்கெல்லாம் ரொம்ப வருசமாச்சு. மறந்திருக்கும்." அத்தை மோர்ச் செம்பைக் கீழே வைத்தாள். "நீங்க திரும்பச் சிதம்பரம் வழியாப் போவீங்களா?"

"இல்லக்கா. பாண்டிச்சேரி, அப்புறம் மெட்ராஸ். அங்கேருந்து பைபாஸ்ல போயிருவோம்."

அவர்கள் கிளம்பினார்கள். கார் ரிவர்ஸிலேயே ஊர்ந்து தெருவைத் தாண்டி வடக்கே திரும்பியது. மாரியம்மாள் பெரியம்மா உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"அம்மி இல்லாத வீட்டுல வெந்தயம் அரைக்கச் சொல்லிக்குடுத்தாளா என் சித்தி?"

"நீங்க சும்மா இருங்க அண்ணி."

"நான் சும்மாத்தான்டி இருக்கேன். நீ இப்ப சொன்னது அவன் காதுல எப்படி விழும்? இங்க வர்றவன் அத்தன பேரும் வடக்கதான் போறான். ஒருத்தனும் தெற்க திரும்பல."

அத்தை உள்ளே போனாள். அடுப்படிக்குள் பாத்திரங்கள் நகரும் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது சேலை மாற்றியிருந்தாள். கையில் மூடி போட்ட தூக்கு. மூடிக்கு மேல் ஒரு துணியைச் சுற்றிக் கட்டியிருந்தாள்.

"நான் போய்ச் சொல்லிட்டு வரவா அத்த?" என்று கேட்டேன்.

"நீ ஒரு தடவ போனது போதும். நீ கடையப் பாத்துக்க. ரெண்டு மணிக்கு லோடு ஆளுங்க வருவாங்க. குண்டான்ல இருக்கறது அவுங்களுக்குச் சரியா இருக்கும்."

"நீங்க எப்ப வருவீங்க?"

"தெரியல."

பெரிய சாலை வரைக்கும் நான் தூக்கை எடுத்துக்கொண்டு நடந்தேன். அது சூடாக இருந்தது. சாலையில் பாண்டிச்சேரி போகிற வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. அவை ஓயும்வரை காத்திருந்து, அத்தை தூக்கை வாங்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் கடந்தாள். அங்கே நிழற்குடை இல்லை. சேலைத் தலைப்பைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்து, போ என்று கையைக் காட்டினாள். சிதம்பரம் பேருந்து வந்து அவளை மறைத்தது. அது போன பிறகு அந்த இடத்தில் யாரும் இல்லை.

நான் திரும்பி வந்தபோது பெரியம்மாவும் போயிருந்தாள். அலமாரியில் அத்தையின் போன் அடித்துக்கொண்டிருந்தது. நின்று, மறுபடி அடித்தது. எடுத்தேன்.

"அம்மா, எல்லாம் கட்டியாச்சா?" என்றாள் மோனிகா. "புதன்கிழம மத்தியானம் வண்டி சொல்லியிருக்கேன்."

"நான் பிரியா பேசறேன்க்கா. அத்த இல்ல. சிதம்பரம் பஸ்ல போயிட்டாங்க."

மறுமுனையில் குழந்தை ஏதோ சத்தம் போட்டது. அவள் அதட்டவில்லை.

"தனியாவா?" என்று கேட்டாள் கடைசியாக.

"ஆமாக்கா."

"சாப்பிட்டுட்டுப் போச்சா?"

எனக்கு அப்போதுதான் தோன்றியது. "இல்லக்கா" என்றேன்.

அவள் வேறொன்றும் கேட்காமல் வைத்துவிட்டாள். நான் சாக்கு மூட்டையை அவிழ்த்துச் சிப்பலை வெளியே எடுத்தேன். சோற்றை வடித்து வைத்துவிட்டு, லோடு ஆட்கள் வரும்வரை ஃபேனுக்கு நேரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அந்த வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை.